மரம் பூக்குமுன் மாற்றலாகும் உத்தியோகம்

மாத்தளை நகரை விட்டு வடக்கே தம்புள்ளை நோக்கிச் செல்லும் கண்டி–யாழ்ப்பாணப் பெருவீதியில் சிறிது தூரம் சென்றதும் வருவது அலுவிகாரை. பாறைகளுக்கிடையே ஒதுங்கியிருக்கும் குகை விகாரையினால் இவ்வூர் புகழ்பெற்றது. கிறித்துவுக்கு முற்பட்ட முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அதுகாறும் வாய்மொழியாகவே ஓதப்பட்டு வந்த பௌத்த திரிபிடகம் முதன்முதலாக ஓலையில் எழுதப்பெற்றது இங்கேதான் என்பது மரபு. ஏன் எழுதினார்கள்? பஞ்சம் வந்தது, போர் வந்தது. நெஞ்சிற் சுமந்திருந்த துறவிகள் மாண்டால் அவர்கள் சுமந்ததும் மாளும் என்று கண்டார்கள். ஆகவே ஓலையையும் எழுத்தாணியையும் எடுத்தார்கள்.

இன்று அதே வீதியின் இருமருங்கும் வாசனைத் திரவியத் தோட்டங்கள். வெளிநாட்டுப் பயணிகள் பேருந்திலிருந்து இறங்குகிறார்கள். இது மிளகு, இது சாதிக்காய், இது கொக்கோ, இது வனிலா என்று வழிகாட்டி சொல்லச் சொல்லக் கேட்டு வியந்து, எண்ணெய்ப் போத்தல் ஒன்றை வாங்கிக்கொண்டு போகிறார்கள். அதுவும் ஒரு தொழில். அதை நாம் குறைகூற வரவில்லை. ஆனால் இவ்வட்டாரத்து மிளகுக் கொடிக்கும் சாதிக்காய் மரத்துக்கும் பின்னால் அரசாங்கத்தின் திணைக்களம் ஒன்று நிற்கிறது என்பதும், அதன் உத்தியோகத்தர் மோட்டார் சைக்கிளில் மேடுபள்ளம் ஏறியிறங்கி ஒவ்வொரு தோட்டமாகப் போய் வருகிறார் என்பதும் அப்பயணிக்குத் தெரியாது. பயணிக்குத் தெரியாமற் போனாற் போகட்டும். அவரை அனுப்பிய அரசாங்கத்துக்கே அவருடைய வேலை இன்னதென்று தெரியவில்லையோ என்பதுதான் நமது ஐயம்.

ஏனெனில், செடியோடு பழக வேண்டிய மனிதனைச் செடியிடமிருந்து பிரித்தெடுப்பதற்கென்றே அமைந்த ஏணி ஒன்றை இத்தகைய திணைக்களங்களில் நாம் வைத்திருக்கிறோம். கீழ்ப்படி தோட்டத்தில் இருக்கிறது. அடுத்த படி கந்தோரில் இருக்கிறது. அதற்கு மேலுள்ளவை யாவும் கோப்புகளின்மேல் நிற்கின்றன. ஒருவன் தன் தொழிலில் வல்லவனாக ஆக ஆக, அத்தொழிலைச் செய்யும் வாய்ப்பு அவனுக்குக் குறைந்துகொண்டே போகிறது.

ஏணியின் படிகள்

விடயத்தை முதலில் விளக்கமாகச் சொல்லிவிடுவோம். இலங்கையில் விவசாயத்துக்கெனத் தனித் திணைக்களம் அமைந்தது 1912ஆம் ஆண்டில். மிளகு, கொக்கோ, கோப்பி, சாதிக்காய், கராம்பு, ஏலம் முதலியவை நெடுங்காலம் அதன் பெரிய குடையின் ஓர் ஓரத்தில் நின்றன. 1972இல் அவற்றுக்கெனச் சிறு ஏற்றுமதிப் பயிர்த் திணைக்களம் பிறந்தது. 1992ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின்பின் ஏற்றுமதி விவசாயத் திணைக்களம் என்ற பெயர் அதற்கு நிலைத்தது. தலைமைக் கந்தோர் பேராதனையில் இருப்பினும், அதன் மத்திய ஆராய்ச்சி நிலையம் மாத்தளையில் இருக்கிறது. பயிர் எங்கேயோ ஆராய்ச்சி அங்கே என்ற அளவில் இது நல்ல ஏற்பாடே. டிங்கிரால, பூட்டாவேரால என இத்திணைக்களம் வெளியிட்ட மிளகு வகைகள் இன்று கமக்காரர் வாயில் வழங்குகின்றன.

இதில் நுழைவதற்கு இரண்டு வாயில்கள் உண்டு. உயர்தரப் பரீட்சையில் விஞ்ஞானப் பாடங்களிற் சித்தியெய்திய இளைஞர், இலங்கை விவசாயக் கல்லூரிகளுள் ஒன்றில் இரண்டாண்டு கற்று டிப்ளோமா பெற்று, விரிவாக்க உத்தியோகத்தராகவோ போதனாசிரியராகவோ தொழில்நுட்ப உதவியாளராகவோ சேருவது ஒன்று. பேராதனை, யாழ்ப்பாணம், கிழக்கு முதலிய பல்கலைக்கழகங்களின் விவசாய பீடங்களிற் பட்டம் பெற்றோர் போட்டிப் பரீட்சை எழுதி, இலங்கை விவசாய சேவையின் மூன்றாம் வகுப்பில் அமர்வது மற்றொன்று. முதல் வாயிலால் வந்தவர் பல்லாண்டு உழைத்தபின் மட்டுப்படுத்தப்பட்ட பரீட்சை ஒன்றை எழுதி இரண்டாவது வரிசைக்கு ஏறலாம். வினைத்திறன் தடைப் பரீட்சை, வகுப்பு உயர்வு, உதவிப் பணிப்பாளர், பிரதிப் பணிப்பாளர் என்று மேலே போகிறது.

இந்தப் படிகளுள் எதையாவது, “இவருடைய பகுதியில் மிளகு நன்றாகக் காய்த்தது” என்ற காரணத்துக்காக ஒருவர் ஏறியிருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். நிதிப்பிரமாணம் கேட்பார்கள், தாபனக்கோவை கேட்பார்கள், சேவைக்காலம் எத்தனை ஆண்டு என்று கேட்பார்கள். ஒட்டுக்கட்டத் தெரியுமா என்று கேட்பாரில்லை. “உத்தியோகம் புருஷ லட்சணம்” என்ற காலம் ஒன்றிருந்தது. பெண்கள் பெருந்தொகையாய் இத்துறைக்கு வந்துவிட்ட இன்று அப்பழமொழியின் பாதி பொய்யாயிற்று. உத்தியோகமென்றால் கதிரை என்ற மற்றப் பாதி மட்டும் இன்னும் உயிரோடிருக்கிறது.

சாதிக்காயின் கணக்கு

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அலுவிகாரைக்கு அயலில் ஒரு கமக்காரன், 2016ஆம் ஆண்டு மாரி மழையோடு விதையால் முளைத்த சாதிக்காய்க் கன்றுகள் இருபதை நட்டான் என்று வைத்துக்கொள்வோம். சாதிக்காயில் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. காய்ப்பது பெண்மரம் மட்டுமே. கன்றைப் பார்த்து இது ஆண், இது பெண் என்று சொல்லத் தோட்டக்காரனுக்கு வழியில்லை. பூத்த பிறகே தெரியும். பூப்பதற்கோ ஆறு, ஏழு, சிலவேளை எட்டு ஆண்டுகள் செல்லும். அதுவரை இருபது கன்றுக்கும் எருவும் நீரும் உழைப்பும் ஒரே அளவாய்ச் செலவாகும். விதைக்கன்றுகளில் ஏறத்தாழப் பாதி ஆணாய் அமைந்துவிடும். பத்துப் பெண்மரத்துக்கு ஓர் ஆண்மரம் இருந்தாற் போதுமாகையால், மிஞ்சிய ஆண்மரங்களை வெட்டவேண்டும், அல்லது பெண்மரத்தின் கிளை கொண்டு ஒட்டி மாற்றவேண்டும். எந்த மரத்தை வைப்பது, எதை வெட்டுவது, எந்தப் பெண்மரத்தின் காய் பெரிது, எதன் வசுவாசி தடித்தது என்று அருகில் நின்று கணித்துச் சொல்ல அனுபவமுள்ள ஒருவர் தேவைப்படுவது அந்த ஏழாம் எட்டாம் ஆண்டிலேதான்.

அப்போது உத்தியோகத்தர் எங்கே? 2016இல் கன்றும் மானியப் பத்திரமும் கொண்டு வந்தவர் 2020இலோ 2021இலோ மாற்றலாகிப் போயிருப்பார். நாலைந்து ஆண்டுக்கு ஒருமுறை இடமாற்றம் என்பது நமது அரசாங்க சேவையிற் புதினமன்று. அவருக்குப்பின் வந்தவர் தமது முதற்பதவியில் புதிதாய்ப் புகுந்தவராயிருக்கலாம். அவர் கையிலுள்ள பதிவேட்டில் மானியம் எத்தனை தவணையிற் கொடுபட்டது என்பது காணப்படும். எந்த மரத்துக்கு எந்தத் தாய்மரம் என்பது காணப்படாது. அது முன்னவருடைய தலையோடு போய்விட்டது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர் நம்மவர். ஏடே இல்லாத சுரைக்காயை என்ன செய்வது?

சாதிக்காயை உதாரணமாக எடுத்தோம், அதன் தவணை நீண்டதென்பதால். கராம்பும் முதற்பூவுக்கு ஆறேழு ஆண்டு கேட்பது. மிளகு மூன்றாம் ஆண்டில் முதற்காய் தரும், முழு விளைவுக்கு வர ஏழெட்டு ஆண்டாகும். மரக்கறி வேறு; மூன்று மாதத்தில் தன் கதையை முடித்துவிடும். நெல்லும் அப்படியே. ஆண்டுப்பயிர்க் கமக்காரனுக்கு நாலாண்டு உத்தியோகத்தர் எட்டுப் போகத்தைப் பார்த்தவராவார். மரப்பயிர்க் கமக்காரனுக்கு அதே உத்தியோகத்தர் ஒரு விளைவையும் பாராதவர். இருவருக்கும் இடமாற்ற விதி ஒன்றாகவே இருப்பது என்ன நியாயம் என்று கேட்கிறோம்.

நிலைத்து நின்றவர்கள்

ஒரே இடத்தில் ஒரே செடியோடு நின்றவனுடைய கண் எப்படிப்பட்டது என்பதற்கு நமது நாட்டிலேயே சான்றுண்டு. பேராதனைத் தாவரவியற் பூங்காவுக்கு 1849இல் பொறுப்பாளராய் வந்த துவைற்ஸ் என்ற ஆங்கிலேயர், 1880இல் இளைப்பாறும் வரையில் முப்பதாண்டுக்கு மேலாக இத்தீவை விட்டு ஒருமுறையேனும் வெளியே போகவில்லை. 1869இல் கோப்பி இலையின் அடிப்புறத்திற் செம்மஞ்சட் பொடி படிந்ததாகச் செய்தி வந்தபோது, அது புதியது என்று கண்டு இங்கிலாந்துக்கு இலையை அனுப்பிவைத்தவர் அவர். இருபதாண்டு கோப்பியைப் பார்த்த கண்ணுக்கே அது புதியதென்று தெரியும். நேற்று வந்தவனுக்கு எல்லாமே புதியதல்லவா? தோட்டத் துரைமார் அந்த எச்சரிக்கையை முதலிற் பொருட்படுத்தவில்லை. 1880இல் மார்ஷல் வார்ட் என்ற விஞ்ஞானி வந்து ஆராய்ந்து நோயின் இயல்பை நன்கு விளக்கியபோது, அது மலைநாடெங்கும் பரவிவிட்டிருந்தது. அந்நூற்றாண்டு முடிவதற்குள் இலங்கைக் கோப்பி வரலாறாயிற்று.

துவைற்ஸ் வெள்ளைக்காரர், அதிகாரி. அவருக்கு நிலைத்து நிற்பதில் நட்டமில்லை என்று சொல்வாருண்டு. அதே பூங்காவில் சித்திரகாரராய் ஏறத்தாழ நாற்பதாண்டு தொழில் பார்த்த ஹர்மனிஸ் டி அல்விஸ் இந்நாட்டவர். இலையையும் பூவையும் அவர் வரைந்த சித்திரங்களைக் கொண்டே மேல்நாட்டு அறிஞர் நமது தாவரங்களை அறிந்தனர். அவர் பிள்ளைகளும் அதே தொழிலைத் தொடர்ந்தனர். ஆனால் பூங்காவின் தலைமை அவருக்கோ அவரைப் போன்றவருக்கோ எட்டாத உயரத்தில் இருந்தது. அது அந்நியர் ஆட்சி. இப்போது ஆட்சி நம்முடையது என்கிறோம். ஒட்டுக்கட்டும் கையுடையவன் அந்தக் கையைக் கொண்டே உயர முடிகிறதா?

பக்கத்து நாட்டைப் பார்ப்போம். மைசூர் மாநிலம் 1963இல் தோட்டக்கலைக்கென்று தனித் திணைக்களம் அமைத்தபோது, அதை வழிநடத்தியவர் மரிகவுடா. பெங்களூர் லால்பாக் தோட்டத்தில் உதவி மேற்பார்வையாளராய்த் தம் உத்தியோகத்தைத் தொடங்கியவர் அவர். தோட்டத்திலிருந்தே தலைமைக்கு ஏறினார். ஏறிய பின்னும் தோட்டத்தை விடவில்லை. மாநிலமெங்கும் பழத்தோட்டங்களும் நாற்றுப் பண்ணைகளும் எழுந்தது அக்காலத்தில். அவருடைய ஏணி மரத்தின்மேலேயே சாத்தப்பட்டிருந்தது என்று சொன்னால் மிகையாகாது. தமிழ்நாட்டிலும் தோட்டக்கலைக்குத் தனித்துறை உண்டு. இரண்டாண்டு தோட்டக்கலை டிப்ளோமா பெற்றவர் உதவித் தோட்டக்கலை அலுவலராய்ச் சேர்கிறார். அங்கும் மேலே போகப் போகக் கடதாசிதான் என்று அங்குள்ள அன்பர்கள் சொல்லக் கேட்கிறோம். ஆகவே இது நமக்கு மட்டும் வாய்த்த நோயன்று.

நம்மிடம் திறமை இல்லாமலும் இல்லை. மிளகுக் கன்றை விரைவாய்ப் பெருக்கும் மூங்கில் முறையை அறியாத மிளகுக் கமக்காரன் கேரளத்திலும் அரிது. அகழி வெட்டி, ஓரத்தில் வேர்க்கொடியை நட்டு, இரண்டாய்ப் பிளந்த மூங்கிற் குழாயைச் சாய்வாக வைத்து, அதில் உரமண் நிரப்பிக் கொடியை அதன்மேல் ஏறவிட்டால், கணுவுக்குக் கணு வேர் பிடிக்கும். ஒரு கொடியிலிருந்து ஓராண்டில் ஏறத்தாழ நாற்பது கன்று எடுக்கலாம். இந்த முறை பிறந்தது இலங்கையில். பாவப்பா, குருசிங்க என்னும் இருவர் 1978இல் இதை எழுதி வெளியிட்டார்கள். எழுதியதனால் அது கடல் கடந்தது. இந்திய ஆராய்ச்சி நிலையங்கள் அதைத் தம் நிலத்துக்கேற்பத் திருத்தி வழங்கின. எழுதப்படாமல், இளைப்பாறியவர்களோடு வீட்டுக்குப் போன முறைகள் எத்தனையோ!

ஒரு தோட்டம், ஐந்து கந்தோர்

இன்னுமொரு வேடிக்கையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கண்டிப் பகுதியின் வீட்டுத்தோட்டம் என்பது உலகம் மெச்சும் அமைப்பு. அரை ஏக்கரில் தென்னை, பலா, கமுகு, மிளகு, கோப்பி, கொக்கோ, வாழை, கீழே இஞ்சியும் மஞ்சளும் என்று அடுக்கடுக்காய் நிற்கும். கமக்காரனுக்கு அது ஒரே தோட்டம். அரசாங்கத்துக்கு அப்படியன்று. தென்னைக்குத் தெங்குப் பயிர்ச்செய்கைச் சபை. மிளகுக்கு ஏற்றுமதி விவசாயத் திணைக்களம். பலாவுக்கும் வாழைக்கும் மாகாண விவசாயத் திணைக்களம். கீழ்ப்பள்ளத்து வயலுக்குக் கமநல சேவை நிலையம். மேட்டில் நாலு வரி தேயிலை இருந்தால் அதற்கு வேறோர் அதிகார சபை. தென்னையிற் படர்ந்த மிளகுக்கொடி வாடினால், கொடிக்கு ஒருவர், தென்னைக்கு ஒருவர் என்று இரண்டு பேரைத் தேடவேண்டும். இருவரும் ஒரே கல்லூரியில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்களாயிருக்கலாம். ஆனால் ஒருவர் மற்றவருடைய மரத்தைத் தொடலாகாது. ஒரு சேவையிலிருந்து மற்றச் சேவைக்கு மாறவும் எளிதில் வழியில்லை. இத்தனை கந்தோர்கள் தனித்தனி ஏணிகளை வைத்துக்கொண்டிருப்பதால் ஒவ்வோர் ஏணியும் குட்டையாயிருக்கிறது. நல்ல இளைஞன் பத்தாண்டில் உச்சிப்படிக்கு வந்து, அதற்குமேல் ஏற இடமின்றி, வெளிநாட்டுக்கோ தனியார் கம்பனிக்கோ போகிறான்.

இப்பிளவு இயற்கையாய் வந்ததன்று. 1979இல் உலக வங்கியின் உதவியோடு “பயிற்சியும் பார்வையிடலும்” என்ற விரிவாக்க முறையைக் கொண்டுவந்தார்கள். கிராமந்தோறும் விரிவாக்கப் பணியாளர் ஒருவர் குறித்த நாளிற் குறித்த கமக்காரரைச் சந்திப்பார். அவருக்குப் போதனாசிரியர் பயிற்சி தருவார். குறைபாடுகள் இருந்தன, எனினும் வருபவர் யார், எப்போது வருவார் என்பது கமக்காரனுக்குத் தெரிந்திருந்தது. 1987இல் பதின்மூன்றாம் திருத்தத்தோடு விரிவாக்கம் மாகாணங்களுக்குப் போயிற்று, ஆராய்ச்சி மத்தியில் நின்றது. 1989இல் அந்தக் கிராமப் பணியாளர்கள் ஏறத்தாழ 2,400 பேரையும் ஒரே வீச்சில் கிராம உத்தியோகத்தராக்கிவிட்டார்கள்! செடிக்கு மருந்து சொன்னவர் வாக்காளர் இடாப்பு எழுதப் போனார். அவர்களைக் குறைசொல்ல முடியுமா? அந்தப் பதவியில் மதிப்பிருந்தது, நிரந்தரமிருந்தது. தோட்டத்திலிருந்து கந்தோருக்கு என்ற நமது ஏணியின் நியாயம் அன்றைக்கு ஒரு சேவை முழுவதையும் விழுங்கிற்று. பின்னர் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின்கீழ் உதவியாளர்கள் நியமனம் பெற்றார்கள். ஆயினும் அறுந்த நூல் முன்போல் முடியப்படவில்லை.

இந்த அறுந்த நூலின் விலையை 2021இற் கண்டோம். அவ்வாண்டு ஏப்ரிலில் இரசாயனப் பசளை இறக்குமதித் தடை அறிவிக்கப்பட்டு, மே மாதத்தில் வர்த்தமானியில் வெளிவந்தது. ஒரே போகத்தில் நாடு முழுவதும் சேதனப் பசளைக்கு மாறமுடியாதென்பது விவசாயம் படித்த எவருக்கும் தெரிந்த உண்மை. பல்கலைக்கழகத்தார் பலர் வெளிப்படையாய்ச் சொன்னார்கள். ஆனால் கிராமத்தில் கமக்காரன் முன் நின்றவர் திணைக்களத்து உத்தியோகத்தர். அவர் தாம் நம்பாத கட்டளையைத் தம் வாயாற் சொல்லவேண்டியவரானார். நவம்பரில் தடை தளர்ந்தது. அதற்குள் பெரும்போகத்தின் விதைப்பு நாள் கடந்துகொண்டிருந்தது. உத்தியோகத்தருடைய சொல்லில் கமக்காரனுக்கிருந்த நம்பிக்கைக்கு நேர்ந்த சேதத்தை எந்த நட்டஈட்டுப் பத்திரமும் கணக்கிடவில்லை. படிகள் எல்லாம் மேலிருப்பவரின் தயவில் தொங்கும்போது, கீழிருப்பவர் எப்படி “இது பிழை” என்று சொல்வார்?

மொழியும் வாயிலும்

இனி, நம்மவரோடு நெருங்கிய ஒரு விடயம். தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து மலைநாட்டுக்குள் நுழைந்த வாயில் மாத்தளை. வழியில் மாண்டவர் தொகை கொஞ்சமன்று. அவர்களுடைய வழித்தோன்றல்கள் இம்மாவட்டத்துத் தோட்டங்களிற் தலைமுறை தலைமுறையாய்க் கொக்கோ பறித்திருக்கிறார்கள், மிளகு ஆய்ந்திருக்கிறார்கள், இறப்பரிற் பால் வெட்டியிருக்கிறார்கள். சீமைக்கிளுவையை எப்போது தறித்தால் மிளகுக்கு எவ்வளவு வெயில் விழும் என்பது அவர்களுக்குக் கைப்பழக்கம். ஆனால் அத்தொழிலின் உத்தியோக வரிசையில் அவர்கள் எத்தனை பேர்? 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியபோது அரசாங்க உத்தியோகத்தின் கதவும் கூடவே சாத்தப்பட்டது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு குடியுரிமைப் பிரச்சினை தீர்ந்தது எனினும், கதவு திறந்தவுடன் உள்ளே போகக் கால் வேண்டுமே! உயர்தர விஞ்ஞானப் பிரிவுள்ள தமிழ்ப் பாடசாலைகள் மலைநாட்டிற் சிலவே. விஞ்ஞானமின்றி விவசாயக் கல்லூரியில்லை. தமிழ் மாணவர் பெரும்பாலும் நாடும் விவசாயக் கல்லூரிகளோ வவுனியாவிலும் பாலமுனையிலும் இருக்கின்றன. தோட்டத்து லயத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அது தூரமும் செலவும்.

மொழியையும் மறந்துவிடலாகாது. 1956ஆம் ஆண்டின் தனிச்சிங்களச் சட்டத்தின் பின் தமிழ் உத்தியோகத்தர் சிங்களப் பரீட்சையிற் சித்தியெய்த வேண்டியவராயினர். கமக்காரருடைய மொழியைக் கற்பதை நாம் தவறென்று சொல்லோம்; மாத்தளையில் சிங்களக் கமக்காரரே பெரும்பான்மையினர். ஆனால் அந்நியாயம் இருவழிப் பாதையாயிருக்க வேண்டாமா? 2007ஆம் ஆண்டின் சுற்றறிக்கையொன்று, அதன்பின் சேரும் அரச உத்தியோகத்தர் ஐந்தாண்டுக்குள் மற்றைய அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெறவேண்டும் என்று விதித்தது. நல்ல விதி. பரீட்சைத் தாளில் தேர்ச்சி பெற்றவர், மிளகுக்கொடியின் வேரழுகலைத் தமிழ்த் தொழிலாளியிடம் தமிழில் விளக்க வல்லவராயிருக்கிறாரா என்பதே கேள்வி. அவர் வல்லவராகுமுன் மாற்றலாகிப் போகிறார் என்பது நமது பழைய கதை.

இடமாற்றமே கூடாது என்று சொல்வதாக எவரும் கொள்ளவேண்டாம். ஒரே இடத்தில் நெடுநாள் இருப்பவர் அவ்வூர்ச் செல்வாக்குள்ளவர்களுக்கு உறவினர்போல் ஆகிவிடுவார், மானியம் வேண்டியவருக்கே போய்ச்சேரும் என்ற அச்சம் வெறும் அச்சமன்று. தூரப் பிரதேசத்துக்குப் போக எவரும் விரும்பாவிட்டால் அப்பிரதேசத்துக் கமக்காரனின் கதி என்ன என்பதும் நேர்மையான கேள்வி. பெண் உத்தியோகத்தர் ஒருவர் குடும்பத்தை விட்டு வேறு மாவட்டத்தில் எத்தனை ஆண்டு கிடப்பார் என்பதும் அப்படியே. இவற்றுக்கு விடை, மானியம் எழுதும் பேனாவையும் செடி பார்க்கும் கண்ணையும் வெவ்வேறு ஆட்களிடம் ஒப்படைப்பதாகும். பணம் கையாள்பவரை நாலாண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்; மரம் பார்ப்பவரைப் பத்தாண்டாவது ஒரே மாவட்டத்தில் விடுங்கள். அவர் கந்தோருக்கு வராமலே, தோட்டத்திற் கிடந்தபடியே, உதவிப் பணிப்பாளரின் சம்பளத்தை எட்டுவதற்கு ஒரு வரிசை அமையுங்கள். அதற்குரிய பரீட்சையை நிதிப்பிரமாணத்தில் வைக்காமல் நாற்றுமேடையிலும் நோய்ப்பட்ட கொடியின் முன்னிலையிலும் வையுங்கள்.

ஆராய்ச்சி நிலையங்களில் நாட்கூலிக்கு ஒட்டுக்கட்டும் தொழிலாளியையும் இந்த வரிசைக்குள் கொண்டுவருதல் தகும். முன்னனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்கும் வழி நமது தேசிய தொழிற்றகைமை முறையில் ஏற்கெனவே இருக்கிறது. டிப்ளோமா வரை அம்முறையின் படிகள் நீள்கின்றன. தையலுக்கும் தச்சுக்கும் அப்படிச் சான்று கொடுக்கும் நாடு, இருபதாண்டு சாதிக்காய் ஒட்டிய கைக்கும் கொடுத்து, அக்கையுடையவருக்கு மேலேறும் வழியைக் காட்டுவதில் என்ன தடை?

பதிவேடு வைத்தால் அது கறையானுக்கு இரையாகும் என்று சிரிப்போரும் இருக்கிறார்கள். உண்மையே, எழுதியது எல்லாம் நிலைப்பதில்லை. 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியின்போது ஆங்கிலப் படை அலுவிகாரையின் ஏட்டுத் தொகுதியையே அழித்தது. அதன்பின் அங்குள்ளோர் எழுதுவதை விட்டுவிட்டார்களா? மறுபடி ஓலையைப் பதப்படுத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். இன்றும் அங்கு போனால் எழுத்தாணி பிடித்து எழுதிக் காட்டுகிறார்கள்.

ஆகவே பெரிய சீர்திருத்தங்கள் வரும்போது வரட்டும். அடுத்த இடமாற்றப் பட்டியல் வெளிவருமுன் ஒரு சிறு காரியத்தைத் திணைக்களம் செய்யலாம். ஒவ்வொரு பகுதியிலும் எந்தத் தோட்டத்தில் எந்த ஆண்டு எத்தனை சாதிக்காய், கராம்பு, மிளகு நடப்பட்டது, கன்று எங்கிருந்து வந்தது, எந்தத் தாய்மரம், எப்போது பூத்தது, என்ன நோய் கண்டது, என்ன செய்து தீர்ந்தது என்பனவற்றைச் சிங்களத்திலும் தமிழிலும் எழுதி, போகிறவர் வருகிறவர் கையிற் கொடுத்து, இருவரும் அத்தோட்டங்களை ஒருமுறை சேர்ந்து நடந்து பார்த்தபின்பே மாற்றல் நிறைவேறும் என்று ஒரு கட்டளை பிறப்பிக்கட்டும். அதன் பிரதியொன்று கமக்காரனிடமும் இருக்கட்டும். இதற்கு உலக வங்கியின் கடன் வேண்டியதில்லை. ஆளுக்கொரு கொப்பியும், நடப்பதற்கு ஒரு வாரமும் போதும்.